கால்பந்தில் அர்செனலை வீழ்த்திய கோலை அடித்த ஸ்டீவ் வாட்கின், பெரிய கிளப்புக்குப் போனாரா?

இல்லை. வேல்ஸ் நகரமான ரெக்ஸமில் பிறந்த அவர் ஆடியது பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில்தான். 1990-91 சீசனில் இங்கிலாந்து லீக்கின் நான்காம் டிவிஷனில் கடைசி இடம் பிடித்த அணி, அவர் ஆடிய ரெக்ஸம். 1992 ஜனவரி 4 அன்று எஃப்ஏ கோப்பையில் (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி) அதன் எதிரே நின்றது முதல் டிவிஷனின் நடப்புச் சாம்பியன் அர்செனல். ரெக்ஸம் 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது, அதன் 37 வயது வீரர் மிக்கி தாமஸ் ஃப்ரீகிக்கில் சமன் செய்தார். இரண்டே நிமிடம்! வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தை, அர்செனல் தடுப்பாட்டக்காரர் டோனி ஆடம்ஸை முந்திக்கொண்டு, கீழே சரிந்தபடி வலைக்குள் தள்ளினார் வாட்கின். அப்போது வயது 20.

அப்புறம் 1993இல் ரெக்ஸமுடன் ஒரு டிவிஷன் மேலே ஏற்றம். 1997இல் இன்னொரு வேல்ஸ் கிளப்பான ஸ்வான்சிக்கு மாறினார். 2000இல் அங்கே மூன்றாம் டிவிஷன் பட்டம். என்னைக் கேட்டால், அந்த ஒரு கோலைவிட, வேல்ஸ் கிளப்புகளுக்காக அத்தனை சீசன்கள் உழைத்ததுதான் பெரிது.