பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி விற்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே பொருளைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஹாரோவில் வசிக்கிறேன். ஆறாயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். எம்.ஜி. நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி. ஒன்றை வாங்கி, இரண்டு கோடைகாலம் ஆசை தீர ஓட்டிவிட்டு, போட்ட பணம் அதிகம் கரையாமல் விற்றுவிட வேண்டும் என்று எண்ணுகிறேன். எந்த மாடலைத் தேடுவது? எதைச் சோதிப்பது?

பதில்: உங்கள் எண்ணம் நடக்கக்கூடியதுதான். அதற்கு எம்.ஜி.பி.யைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. பழைய அச்சு வார்ப்புகளைக் கொண்டே புது பாடிகளை உருவாக்கித் தரும் பணியை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988-இல் தொடங்கியது. ஒரு ஸ்குரூவிலிருந்து முழு பாடி வரை புதிதாக வாங்க முடிகிற பழைய கார்கள் மிகக் குறைவு. பாகம் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் முடங்கும் அச்சம் இல்லாததால், பின்னாளில் உங்களிடம் வாங்க வருபவரும் துணிந்து வருவார்.

உங்கள் தொகைக்கு, கூரை மூடிய ஜி.டி. வகையில், 1974-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டியைப் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகப் பொருத்தப்பட்ட அந்தப் பம்பரையும், அதனோடு சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்ட உடலையும் பலர் விரும்புவதில்லை. அதனால்தான் விலை குறைவு. குரோம் பம்பர் திறந்த வண்டிக்குக் கேட்கும் விலையில், அதைவிட மிக நல்ல நிலையில் உள்ள ரப்பர் பம்பர் ஜி.டி. ஒன்று கிடைத்துவிடும். 1976-இன் நடுவிலிருந்து பின்பக்கமும், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் பொருத்தப்பட்டதால், வளைவுகளில் அதற்கு முந்தைய ரப்பர் பம்பர் வண்டிகளைவிடப் பிந்தையவை நிதானமாகத் திரும்பும். ரப்பர் பம்பரைக் கழற்றி குரோம் பம்பர் மாட்டுகிறேன் என்று பணம் செலவழிக்காதீர்கள். அந்தச் செலவு விற்கும்போது திரும்பி வருவதில்லை.

இனி சோதனை. இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. தகரப் பாடியே வண்டியின் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, பெட்டி போல ஓடுகிற ‘சில்’ என்ற பகுதிதான் அந்த எலும்புக்கூட்டின் முதுகுத்தண்டு. வெளித்தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில் போல மடிந்து ஓடும் பட்டை என்று பல அடுக்குகள் அதில் உண்டு. குளிர்காலத்தில் சாலைகளில் தூவும் உப்பு இந்த அடுக்குகளுக்குள் புகுந்து, வெளியே பெயிண்ட் மினுமினுத்துக் கொண்டிருக்கும்போதே உள்ளே தின்று தீர்த்துவிடும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை சில்லின் நீளத்துக்கும், முன் மட்காப்பின் அடிப்பகுதியிலும், பின்சக்கர வளைவின் விளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடுத்து, விற்பவரின் அனுமதியோடு, சில்லின் கீழுள்ள ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கச் சொல்லி, அந்தப் பக்கக் கதவின் இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவு திறந்து மூடச் சிரமப்பட்டாலோ வண்டியின் முதுகு வலுவிழந்துவிட்டது என்று பொருள். நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆலையிலிருந்து வந்த சில் தகடு முன் மட்காப்பின் அடியிலும் பின் மட்காப்பின் அடியிலும் நீண்டு செல்லும். அதை முறையாக மாற்ற வேண்டுமானால் மட்காப்பின் கீழ்ப்பகுதியை அறுத்தெடுத்து, வேலை முடிந்ததும் மீண்டும் வெல்டிங் வைக்க வேண்டும். சிரமத்துக்கு அஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கு மட்டும் மேலே ஒரு தகட்டை ஒட்டி, பழைய துருவை உள்ளேயே புதைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ‘சில் புதிது’ என்று விளம்பரத்தில் படித்தால், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். முறையாகச் செய்தவர் அவற்றைப் பெருமையுடன் காட்டுவார்.

என்ஜினைப் பற்றி இத்தனை கவலை வேண்டாம். 1798 சி.சி. பி-சீரிஸ் என்ஜின் முரட்டு உழைப்பாளி. நன்றாகச் சூடேறிய பின், ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்குக் குறையாமல், நின்று ஓடும்போது 15-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் தேய்ந்திருக்கிறது. மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காதவர் கையில் வண்டி இருந்திருக்கிறது. ஓவர்டிரைவ் உள்ள வண்டியாகவே தேடுங்கள். அது இல்லாமல் மணிக்கு 70 மைல் போக என்ஜின் நிமிடத்துக்கு 3,900 சுற்று சுழல வேண்டும். ஓவர்டிரைவ் போட்டால் 3,200 போதும். நெடுஞ்சாலையில் காதுக்கு நிம்மதி, விற்கும்போதும் உடனே ஆள் வருவார்கள். பெட்ரோல் நிலையத்தில் 2021 செப்டம்பருக்குப் பின் சாதாரணப் பெட்ரோலாக வரும், எத்தனால் அதிகம் கலந்த இ10 வேண்டாம். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் கெடுக்கும் என்பதால் இ5 என்று எழுதியுள்ள சூப்பர் பெட்ரோலையே போடுங்கள்.

ஆறாயிரத்தையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தாயிரத்துக்குள் வண்டியை முடித்து, ஆயிரத்தை டயருக்கும் பிரேக்குக்கும் எடுத்து வையுங்கள். டயரில் தடம் நன்றாக இருந்தாலும், பத்து வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் தந்தையார் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார். இப்போது ரெடிங்கில் என் வீட்டருகே ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 விலைக்கு வந்திருக்கிறது. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் உறவு என்கிறார்களே, உண்மையா? தனி சேசிஸ் இருப்பதால் துருப் பயம் குறைவுதானா?

பதில்: உறவு உண்மைதான், நெருங்கிய உறவு. சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த ஹெரால்ட், இங்கே டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் ஓடியது. அதன் சேசிஸைக் குட்டையாக்கி, ஹெரால்டை வரைந்த அதே இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தியதுதான் 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர். முன்பக்கம் முழுவதும் பானட்டாகச் சாய்ந்து திறந்து, என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்க இடம் தருவதைப் பார்த்ததும் உங்கள் தந்தையாரின் வண்டி நினைவுக்கு வரும்.

துருவைப் பற்றி நீங்கள் நினைப்பது மட்டும் பாதிதான் சரி. ஹெரால்டின் சேசிஸுக்கு இரு ஓரங்களிலும் இருந்த வெளிச்சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் நீக்கப்பட்டன. அந்தப் பாரத்தைச் சுமப்பது கதவுக்கடியில் உள்ள சில்தான். ஆகவே ஹாரோ வாசகருக்குச் சொன்ன காந்தச் சோதனை உங்களுக்கும் பொருந்தும். பானட்டுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் இருந்தால், விபத்தில் அடிபட்ட வண்டியா, சில் மாற்றும்போது சரியாகத் தாங்கு கொடுக்காமல் வளைந்த வண்டியா என்று விசாரியுங்கள்.

இந்த வண்டிக்கே உரிய இரண்டு சோதனைகளைத் தவறவிடக் கூடாது. முதலாவது, என்ஜினின் முன்பக்கப் புல்லியை நீங்கள் கவனித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கிளட்சை மிதித்து விடட்டும். கிளட்சை மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அவை நழுவி விழுந்தால் கிராங்கும் என்ஜின் பிளாக்கும் பாழாகிவிடும். இரண்டாவது, முன்சக்கரங்கள் திரும்புகிற அடிமூட்டான டிரன்னியன். இதற்கு கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் அடிப்பது தவறு. கிரீஸ் இறுகிப்போய், திருகு மரைக்குள் ஈரம் தங்கித் துருவேறினால், ஒரு நாள் மரைத்தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விற்பவரிடம் ‘டிரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்?’ என்று இயல்பாகக் கேட்டுப் பாருங்கள். வண்டியை அவர் எப்படிப் பராமரித்தார் என்பது அந்த ஒரு பதிலிலேயே விளங்கிவிடும். உங்கள் தந்தையார் உடனிருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஹெரால்ட் வைத்திருந்தவருக்கு இந்த டிரன்னியனைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: லெஸ்டரில் ஓடாமல் நிற்கும் 1977 எம்.ஜி. மிட்ஜெட் ஒன்றை 1,500 பவுண்டுக்குத் தருகிறார்கள். சில், தரைத்தகடு எல்லாம் வெல்டிங் செய்ய 60 மணி நேரம் ஆகும், மணிக்கு 60 பவுண்டு என்று பட்டறையில் சொன்னார்கள். பெயிண்டுக்கு 3,000. இதே வருடத்து நல்ல மிட்ஜெட் ஒன்று எங்கள் ஊரிலேயே 5,500-க்கு விளம்பரத்தில் இருக்கிறது. பழையதை வாங்கிப் புதுப்பித்து விற்றால் லாபம் வருமா?

பதில்: வராது. உங்கள் கணக்கையே கூட்டுவோம். வண்டி 1,500, வெல்டிங் 3,600, பெயிண்ட் 3,000, ஆக 8,100. டயர், பிரேக், துணிக் கூரை, இருக்கை, நின்றுபோன என்ஜின் எதையும் இன்னும் தொடவில்லை. விற்கப்போவது 5,500 பவுண்டு வண்டிகளுக்கு நடுவில். அதோடு 1974-இன் இறுதிக்குப் பின் வந்த மிட்ஜெட்டுகளில் ரப்பர் பம்பரும் டிரையம்பின் 1493 சி.சி. என்ஜினும் இருப்பதால், 1972 முதல் 1974 வரை வந்த, பின்சக்கர வளைவு வட்டமாக உள்ள வண்டிகளைத்தான் ஆர்வலர்கள் முதலில் தேடுவார்கள். 5,500 பவுண்டு வண்டியை நன்றாகச் சோதித்து வாங்குங்கள். அதைப் புதுப்பித்தவர் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி உங்களுக்கு இலவசமாக வருகிறது.

வெல்டிங்கை நீங்களே கற்று, உங்கள் மாலை நேரங்களைக் கணக்கில் சேர்க்காமல், ஒரு வண்டியை உயிர்ப்பிக்கும் மகிழ்ச்சிக்காகச் செய்வதானால் அந்த 1,500 பவுண்டு வண்டியை மனமாரப் பரிந்துரைப்பேன். கைத்தொழில் கற்கும் செலவாக அதைக் கருதுங்கள்; லாபத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: நாற்பது வருடமான வண்டிக்கு வரியும் இல்லை, எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் இல்லை என்கிறார்களே? விற்று வரும் லாபத்துக்கு வரி உண்டா?

பதில்: தயாரித்து 40 வருடம் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்ற பிரிவுக்கு மாற்ற விண்ணப்பித்தால் சாலை வரி பூஜ்யம், ஆனாலும் வருடந்தோறும் அந்தப் பூஜ்ய வரியைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பிரிவில் உள்ள சொந்த உபயோக வண்டிக்கு லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு விதிக்கும் கட்டணமும் இல்லை. 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத 40 வருட வண்டிகளுக்கு எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. இந்தச் சலுகையை நான் மகிழ்ச்சியோடு பார்க்கவில்லை. வருடம் ஒருமுறை வேறொருவர் வண்டிக்கடியில் விளக்குப் பிடித்துப் பார்ப்பது உங்கள் உயிருக்குக் காவல். விருப்பச் சோதனையாக அதைத் தொடருங்கள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. லாபத்துக்காகவே வாங்கி வாங்கி விற்றால் அது வியாபாரம்; வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அப்போது வாங்குபவருக்கு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் முழுப் பாதுகாப்பு தருகிறது. குறை கண்டால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பித் தரலாம். வியாபாரியாக இருந்துகொண்டு தனிநபர் போல விளம்பரம் செய்வது குற்றம்.

கேள்வி: நான்கு வருடம் ஓட்டிய எம்.ஜி.பி. ஜி.டி.யை விற்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் துரு தொடங்கியிருக்கிறது. பட்டி போட்டு, பெயிண்ட் அடித்துவிட்டு விற்கலாமா?

பதில்: வேண்டாம். துருவை மறைத்த புதுப் பெயிண்டைக் கண்டதும், அனுபவமுள்ளவர் வண்டி முழுவதையும் சந்தேகிப்பார். அனுபவமில்லாதவர் நம்பி வாங்கி, ஆறு மாதத்தில் கொப்புளத்தைப் பார்த்து வேதனைப்படுவார். கதவின் அடியை அருகிலிருந்து படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். வெளியேயிருந்து தெரியாத சில்லையும், ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் படம் எடுங்கள். குளிர்ந்திருக்கும் என்ஜின் சாவியின் முதல் திருப்பிலேயே எப்படிக் கிளம்புகிறது என்று ஒரு சிறு வீடியோ எடுங்கள். பில்களை ஆண்டுவாரியாகக் கோப்பில் அடுக்கி வையுங்கள். பார்க்க வருபவர் வண்டியின் பதிவெண்ணை இணையத்தில் இட்டு, 2005-க்குப் பின் நடந்த எம்.ஓ.டி. சோதனைகளின் குறிப்புகளை வருவதற்கு முன்பே படித்திருப்பார். அதில் ‘துரு’ என்ற குறிப்பு இருந்தால் அதைச் சரிசெய்த பில்லை முதலில் எடுத்துக் காட்டுங்கள். விளம்பரத்தை மார்ச், ஏப்ரலில் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும்போதுதான் வண்டி ஆசையும் எட்டிப் பார்க்கும். நவம்பர் மழையில் வருபவர் பேரம் பேசத்தான் வருவார்.

பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பின்பே சாவியைக் கொடுங்கள். வி5சி பதிவுச் சான்று உரிமையை நிரூபிக்கும் ஆவணம் இல்லை என்பதால், விலை, தேதி, நீங்கள் சொன்ன குறைகள் அனைத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீதில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புது உரிமையாளருக்கான பச்சைத் துண்டைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் விற்பனையைப் பதிவு செய்துவிடுங்கள். பதியும் வரை அந்த வண்டிக்கு வரும் அபராதச் சீட்டுகள் உங்கள் முகவரிக்கே வரும்.