ஜாகுவார் ஈ-டைப்பா, பழைய போர்ஷே 911-ஆ?

சேகரிப்புக்கு இவ்விரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அழகை மட்டும் பார்த்தால், 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஈ-டைப்பின் நீண்ட பானெட்டுக்கு ஈடில்லை என்பேன். ஆனால் அதன் பின்சக்கர டிஸ்க் பிரேக்குகள் சக்கரங்களில் அல்லாமல் நடுவே, எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்திருப்பதால், அவற்றை முழுமையாகப் பழுதுபார்க்கப் பெரும்பாலும் பின் சஸ்பென்ஷன் தொகுதியையே கழற்றி இறக்க வேண்டியிருக்கும். 3.8 லிட்டர் எஞ்சின் கொண்ட ஈ-டைப்களில் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது; 1964-இல் வந்த 4.2 லிட்டர் மாடல் அந்தக் குறையைத் தீர்த்தது. காற்றால் குளிரும் 911-இன் எஞ்சின் பின்கோடியில் இருப்பதால், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வண்டியின் பின்புறம் வெளியே வீசும். 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மி.மீ. கூட்டிய பிறகு இது ஓரளவு தணிந்தது. அடிக்கடி ஓட்டுபவருக்கு நான் சொல்வது அந்த 911-ஐத்தான்.