கொக்கைச் சுற்றி வெள்ளைப் புகை

அன்புள்ள அண்ணா,

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் நீர் வடிந்த நேரத்தில் எடுத்த வெண்கொக்குப் படத்தை இணைத்திருக்கிறேன். பின்னால் அலையாத்தி வேரும் கிளையுமாக ஒரே குழப்படி. அதனால் ஃபோட்டோஷாப்பில் பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து காஸியன் ப்ளர் கொடுத்தேன். வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. புகைப்படக் குழுவில் ஒரு பெரியவர் மட்டும் "கொக்கை வெட்டி ஒட்டினாயாம்மா?" என்று கேட்டுவிட்டார். நான் எதையும் ஒட்டவில்லை. அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? மங்கலாக்குவதே ஏமாற்று வேலையா?

ரேவதி, ஈசூன்

அன்புள்ள ரேவதி,

பெரியவருக்கு நல்ல கண். படத்தைப் பெரிதாக்கிக் கொக்கின் கழுத்தோரம் பாருங்கள், இறகின் வெள்ளை வெளியே கசிந்து புகைபோலப் படிந்திருக்கிறது. காஸியன் ப்ளர் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவிடும். பக்கத்தில் கொக்கு நின்றால் அதன் வெள்ளையும் கலவையில் சேரும். லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, நகலெடுத்து, கீழே உள்ளதில் கொக்கையே அழித்து, அந்த இடத்தைச் சேறும் வேருமாக நிரப்பிவிட்டு, பிறகு மங்கலாக்குங்கள். மேலே உள்ள லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டுக் கொக்கை மட்டும் விட்டுவைத்தால் கசிவு போய்விடும்.

ஆனால் பெரியவரைக் கேட்க வைத்தது காலடி என்றுதான் நினைக்கிறேன். கொக்கு நிற்கும் சேறு, கேமராவிலிருந்து கொக்கு இருக்கும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. லென்ஸில் அது தெளிவாக விழுந்தே தீரும். நீங்கள் விரல் நுனிவரை மங்கலாக்கியதால் பறவை அந்தரத்தில் நிற்கிறது. கால் ஊன்றிய அந்தப் பட்டையைத் தொடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் மங்கல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும், மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் ஒரு கிரேடியன்ட் இழுத்தால் போதும். காஸியனுக்குப் பதில் லென்ஸ் ப்ளர் போட்டால் ஈர இலைகளின் மினுக்கங்கள் அசல் லென்ஸில் விழுவதுபோல வட்டங்களாக மலரும். கடைசியில் பின்னணிக்குத் துளி நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், சேருங்கள். கொக்கில் பொரிப்பொரியாக இருந்து பின்னால் மட்டும் வழவழவென்று இருந்தால் கண் கண்டுபிடித்துவிடும்.

ஏமாற்று வேலையா என்றால், உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட யாரைக் கேட்க வேண்டும்? போட்டிக்கு அனுப்புவதானால் விதிகளைப் படித்துவிடுங்கள், இயற்கைப் பிரிவுகளில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

என் மனக்குறை வேறு. வேர்களைக் கரைத்தபோது சுங்கை பூலோவும் கரைந்துவிட்டது. இப்போது அந்தக் கொக்கு எந்த ஊர்க் குட்டையிலும் நிற்கலாம். அந்த வேர்க்காடும் சேறும் இல்லாவிட்டால் அதற்கு இரை ஏது? பீஷான் - அங் மோ கியோ பூங்கா நீர்நாய்ப் படங்களில் பின்னாலிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளைச் சுத்தமாகக் கரைப்பவர்களிடமும் இதையே சொல்வேன். அடுக்குமாடிக்குக் கீழே நீர்நாய் மீன் தின்கிறது என்பதுதானே அந்தப் படத்தின் ருசி! வேரும் புளோக்கும் இன்னதென்று தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

கரைத்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால் ஒளிக்காமல் கரையுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை எடுத்து, மோஷன் ப்ளரில் கோணத்தை 90 பாகை வைத்துப் பாருங்கள். அடிமரங்கள் நெட்டுக்குத்தாக நீண்டு தூரிகைத் தீற்றலாகிவிடும். ஒரே ஒரு மரத்தை மட்டும் மாஸ்க்கில் மீட்டெடுங்கள். ஓவியம்போலத் தெரியும், யாரும் வெட்டி ஒட்டியதா என்று கேட்க மாட்டார்கள். 1980களில் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் தெளிவான ஸ்லைடையும் (ஒளி ஊடுருவும் ஃபிலிம் படம்) மங்கலான ஸ்லைடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒருவகைக் கனவொளியைக் கொண்டுவந்தார். நாம் லேயரை நகலெடுத்து மங்கலாக்கி, ஒபாசிட்டியை (ஒளிபுகாத்தன்மையை) குறைத்தால் அதற்குப் பக்கத்தில் வரலாம். தாவரவியல் பூங்காவின் காலை வெளிச்சத்துக்கு நன்றாக இருக்கும். அளவு மீறினால், ஏர்கானிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வேர்த்துப்போகுமே, அந்தக் கதிதான்.

லென்ஸ் ப்ளரைத் தவிர எதைச் செய்தாலும் ஸ்மார்ட் ஃபில்டராகச் செய்யுங்கள், மறுநாள் அளவைக் குறைக்க முடியும். அநேகமாகக் குறைப்பீர்கள்.