பதில்: 38 வயதில் இறந்தவருக்கு 22க்குப் பதில் 15ஆல் ஏன் பெருக்கினார்கள்?

சாலை விபத்தில் இறந்த உங்கள் மைத்துனருக்கான இழப்பீட்டைக் கணக்கிட, அவருடைய ஆண்டு வருமான இழப்பை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 15ஆல் பெருக்கியது சரியே. 60 வயது வரை 22 ஆண்டுகள் இருந்தாலும், வருங்கால வருமானம் முழுவதும் இன்றே மொத்தமாகக் கைக்கு வந்து வட்டியும் ஈட்டும் என்பதால், அதன் இன்றைய மதிப்பை மட்டுமே சட்டம் கணக்கிடுகிறது. வழக்குக்கு வழக்கு வட்டி விகிதத்தை வாதிடாமல் இருக்க, சரளா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் வயதுவாரியாக ஓர் அட்டவணையையே வகுத்துவிட்டது. அதில் 36 முதல் 40 வயது வரை 15. பொருளாதார நிபுணரை அழைத்துவர வசதியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் எதிர்பார்த்ததைவிட இழப்பீட்டுத் தொகை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017), சுயதொழில் செய்த, 40 வயதுக்குட்பட்டவருக்கு 40% கூட்ட வேண்டும்.

தீர்ப்பு நகலை எடுத்து இப்படிச் சரிபாருங்கள்:

1. நீங்கள் சொன்ன மாத வருமானம் ரூ.20,000, ஆண்டுக்கு ரூ.2,40,000.
2. 40% சேர்த்தால் ரூ.3,36,000.
3. உங்கள் மைத்துனரைச் சார்ந்திருந்தவர்கள் நால்வர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழியும், மீதி ரூ.2,52,000.
4. 15ஆல் பெருக்கினால் ரூ.37,80,000. ஈமச்சடங்கு போன்ற இனங்களுக்கான தொகை இதற்கு மேல் தனி.

ஆனால், மாத வருமானத்தையே தீர்ப்பாயம் குறைத்து மதிப்பிட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது வருமானச் சான்றுகளை வைத்துத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்களே அவகாசம் என்பதால் வழக்கறிஞரை உடனே பாருங்கள்.