மைக்ரோவேவ் சிமுலேஷன்: கணினி தரும் விடையை எப்போது நம்பலாம்?

ஆன்டெனா, ஃபில்டர் போன்றவற்றில் மின்காந்தப் புலம் எப்படி இருக்கும் என்று கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடங்களில்தான் பலரும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். எஃப்டிடிடி, எஃப்இஎம், மொமென்ட் முறை என்று மூன்று கணக்கிடும் முறைகளின் பெயர்கள் அடிபடுகின்றன. எதை முதலில் படிக்கலாம் சார்?

எஃப்டிடிடி. மின்புலமும் காந்தப்புலமும் எப்படி மாறும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் அதில் ஏறக்குறைய அப்படியே நிரலாகிவிடும். 1966-ல் கேன் யீ காட்டிய வழி இது. வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தைக் கட்டத்தின் விளிம்புகளிலும் காந்தப்புலத்தை முகங்களின் நடுவிலும் வைத்தார். காலத்திலும் இரண்டும் அரைப் படி தள்ளி நிற்கும். ஒன்றைக் கொண்டு மற்றதைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஒரு பரிமாணத்துக்கான நிரல் ஐம்பது வரிகூடப் பிடிக்காது. அதை நீங்களே எழுதுங்கள். பாதையின் நடுவிலிருந்து வலது கோடி வரை மின்கடத்தா மாறிலி 4 உள்ள பொருளை வைத்து, இடமிருந்து ஒரு துடிப்பை அனுப்பிப் பாருங்கள். மின்புலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பி வரும், மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும். உள்ளே போன துடிப்பு பாதி வேகத்தில், பாதி நீளத்துக்குச் சுருங்கி நகரும். பாடத்தில் படித்த எதிரொளிப்புக் கெழுவைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று மனதில் ஓடும்.

மற்ற இரண்டையும் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம். வளைந்த வடிவங்களுக்கும் கூர்மையான ஒத்ததிர்வுக்கும் (குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் மட்டும் புலம் வலுவாக எழுவது) எஃப்இஎம் நல்லது. அது வடிவத்துக்கு ஏற்ப வெளியைச் சிறு துண்டுகளாகக் கூறுபோடும். வெட்டவெளியில் நிற்கும் கம்பி ஆன்டெனா, உலோகப் பரப்பு என்றால் மொமென்ட் முறை. அதில் உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் கூறுபோட்டால் போதும்.

கேள்வி: முப்பரிமாண எஃப்டிடிடி நிரல் எழுதினேன். சில நூறு காலப்படிகளிலேயே எண்கள் வெடித்து எல்லையில்லாமல் போகின்றன.

முதலில் காலப்படியைப் பாருங்கள். கனசதுரக் கட்டத்தில் அது, கட்ட அளவை ஒளிவேகத்தாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுத்து வருவதைத் தாண்டக் கூடாது. 1 மில்லிமீட்டர் கட்டத்துக்குச் சுமார் 1.9 பிக்கோநொடி. இது கூரன்ட் நிபந்தனை. இதை மீறவில்லை என்றால், கணக்கிடும் வெளியின் ஓரத்தில் வைக்கும் எல்லைச் சுவரின் நிரலில் குறிப் பிழை இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு மெஷ் (வெளியைக் கூறுபோடும் கட்டங்களின் வலை) போதும் என்கிறார்கள். உண்மையா?

தொடங்குவதற்குப் போதும், விடையை நம்புவதற்குப் போதாது. எஃப்டிடிடி கட்டத்துக்குள் அலை உண்மையான வேகத்தைவிடச் சற்று மெதுவாகப் போகும். அலைநீளத்துக்குப் பத்துக் கட்டம் வைத்தால் அச்சுத் திசையில் வேகம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். ஒரு அலைநீளப் பொருளுக்கு அது பெரிதல்ல. ஆனால் பத்து அலைநீளம் கடந்த பிறகு அலையின் ஃபேஸ் பிழை 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பல ஆன்டெனாக்களை அடுக்கிய வரிசை ஆன்டெனாவில் அந்தப் பிழையோடு கதிர்த் திசையைக் கணக்கிட முடியுமா?

அலைநீளத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். இரண்டு மைக்ரோஸ்ட்ரிப் கோடுகளுக்கு (சர்க்யூட் பலகைமேல் ஓடும் செப்புப் பட்டைகளுக்கு) நடுவே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 2 கிகாஹெர்ட்ஸில் அது அலைநீளத்தில் தூசு. அந்தத் தூசுக்குள்தான் மின்புலம் திரண்டு நிற்கிறது. உலோகத்தின் கூரிய விளிம்பிலும் அப்படியே. மெஷ்ஷை அங்கேதான் நெருக்க வேண்டும்.

சரி, போதுமா என்று எப்படித் தெரியும்? கட்ட அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், அப்புறம் இன்னொரு முறை பாதி. உதாரணத்துக்கு, ஒத்ததிர்வு முதலில் 70 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்து அடுத்து 35 நகர்ந்தால், இன்னும் ஏறக்குறைய 35 மிச்சம் இருக்கிறது என்று கணிக்கலாம். நகர்வு குறையவே இல்லையென்றால் மெஷ்ஷை நோண்டாமல் வடிவத்தைப் பாருங்கள்.

கேள்வி: 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு எஃப்ஆர்4 சர்க்யூட் பலகையில் பேட்ச் ஆன்டெனா (பலகைமேல் செதுக்கிய செப்புப் பட்டை) செய்தேன். சிமுலேஷனில் அருமையாக வந்தது. அளந்தால் 2.5-ல் நிற்கிறது. மென்பொருளில் தவறா?

மென்பொருள் நீங்கள் கொடுத்த பலகைக்குச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. கையில் இருப்பது வேறு பலகை. மின்கடத்தா மாறிலியை 4.4 என்று கொடுத்திருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறார்கள். எஃப்ஆர்4 ஒரே பொருள் அல்ல. கண்ணாடி இழையும் பிசினும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அது 4.2-ஆகவும் இருக்கலாம், 4.6-ஆகவும் இருக்கலாம். 4.4 போய் 4.2 ஆனாலே அதிர்வெண் சுமார் 2 சதவீதம், அதாவது 50 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும். நீங்கள் பார்த்தது அதேதான். செதுக்குவதில் பேட்சின் 29 மில்லிமீட்டர் நீளம் 0.3 குறைந்திருந்தால் இன்னொரு 25 மெகாஹெர்ட்ஸ்.

அதே பலகையில் ஒரு வளைய ஒத்ததிர்வியை (ஒத்ததிரும் செப்பு வளையத்தை) செய்து அளந்து, அந்த அளவீட்டோடு சிமுலேஷன் ஒத்துப்போகும் வரை மாறிலியை மாற்றுங்கள். கிடைக்கும் எண்தான் உங்கள் பலகையின் எண். கூடவே அளக்கும் கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். திரையில் கோடு ஆடினால், கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடுகிறது. அதை எந்த மாதிரியிலும் நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: கேவிட்டி ஃபில்டரை (உலோகப் பெட்டி ஃபில்டரை) டைம் டொமைனில், அதாவது எஃப்டிடிடி போலக் காலப்படியாக ஓட்டினால், எஸ்21 (மறுபக்கம் போகும் பங்கு) கோட்டில் சின்னச் சின்ன அலை. எஸ்11 (திரும்பி வரும் பங்கு) சில இடங்களில் 0 டெசிபெலுக்கு மேலே போகிறது!

வெளிச் சக்தி எதுவும் தராத உலோகப் பெட்டி, உள்ளே அனுப்பியதைவிட அதிகமாகத் திருப்பித் தராது. பெரும்பாலும் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். தரக்காரணி (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்று சொல்லும் எண்) 1000, அதிர்வெண் 10 கிகாஹெர்ட்ஸ் என்றால் உள்ளிருக்கும் ஆற்றல் 40 டெசிபெல் இறங்க ஏறத்தாழ 150 நானோநொடி ஆகும். காலப்படி 1 பிக்கோநொடியானால் ஒன்றரை லட்சம் படிகள். அதற்கு முன்பே வெட்டிவிட்டால், வெட்டிய வாலின் தடம்தான் கோட்டில் அலையாக வருகிறது. இத்தகைய ஃபில்டருக்கு அதிர்வெண் முறை எஃப்இஎம்முக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு ரேம் வேண்டும்?

மொமென்ட் முறையில் 10,000 மாறிகளுக்கு எண்களின் அணி (மேட்ரிக்ஸ்) மட்டும் 1.6 ஜிபி, ஒரு லட்சத்துக்கு 160 ஜிபி. எஃப்டிடிடியில் கட்டத்தைப் பாதியாக்கினால் நினைவகம் எட்டு மடங்கு, நேரம் பதினாறு மடங்கு. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: அளந்து பார்க்க வசதி இல்லை. விடை சரி என்று எப்படி உறுதிசெய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள். 30 மில்லிமீட்டர் கனசதுர உலோகப் பெட்டியின் முதல் ஒத்ததிர்வு 7.07 கிகாஹெர்ட்ஸ். அகலம் 22.86 மில்லிமீட்டர் உள்ள வேவ்கைடின் (அலையைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாயின்) வெட்டு அதிர்வெண் 6.56; அதற்குக் கீழே அலை போகாது. இவை வராத அமைப்பில் ஃபில்டர் சரியாக வராது.

இதைச் செய்யாமல் நான் இரண்டு நாள் இழந்திருக்கிறேன். அதே வேவ்கைடில் ஒரு ஃபில்டர். சமச்சீராக இருந்ததால் அகலத்தை நடுவில் பிளந்து பாதியை மட்டும் ஓட்டினேன். 10 கிகாஹெர்ட்ஸில் எதுவுமே மறுபக்கம் போகவில்லை. மெஷ்ஷை நெருக்கினேன், போர்ட்டை (அலை நுழையும் வாயிலை) மாற்றினேன், பலனில்லை. கடைசியில் புலத்தின் படத்தைத் திறந்தேன். நுழைவாயிலிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் நிறம் மங்கிப் போயிருந்தது. மில்லிமீட்டருக்கு ஒன்றரை டெசிபெல். அப்போதுதான் உறைத்தது: பிளந்த தளத்தில், தளத்தை ஒட்டிய மின்புலத்தை விட்டுவைக்கும் காந்தச் சுவர் வைக்க வேண்டிய இடத்தில், அதை உலோகம் போல இல்லாமல் செய்யும் மின்சுவர் வைத்திருந்தேன். முதல் மோடின் (குழாயில் புலம் அமையும் முதல் வடிவத்தின்) மின்புலம் அந்தத் தளத்தில்தான் உச்சம். அங்கே உலோகம் வைத்தால் வேவ்கைடு பாதி அகலமாகி, வெட்டு அதிர்வெண் 13.1-க்கு ஏறிவிடும். வெறும் நேர்க் குழாயை ஓட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எஸ்11, எஸ்21 போன்ற எஸ்-பேராமீட்டர் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். புலத்தைப் பாருங்கள்.

கேள்வி: இலவச மென்பொருள் ஏதாவது?

எஃப்டிடிடிக்கு ஓப்பன்இஎம்எஸ், மீப். கம்பி ஆன்டெனாவுக்கு நெக்2, பழையதுதான், இன்றும் பிரமாதம். ஆன்டெனா, ஃபில்டர் வேலை என்றால் ஓப்பன்இஎம்எஸ்ஸில் தொடங்குங்கள். அதில் மெஷ் கோடுகளை நாமே யோசித்து வைக்க வேண்டும். படிக்கும் காலத்தில் அந்தச் சிரமம் நல்லது.