டிக்கிக்குப் பின்னால் சுழலும் காற்றும் பையனின் படிப்பும்

வணக்கம் சார். பிளஸ் டூ முடித்த பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறான், செடான் காரின் பின்பக்கக் காற்றுத்தடையைக் குறைப்பதுதான் தன் வேலை என்கிறான், வீட்டுக் காரின் கூரையில் ஒட்ட ஆன்லைனில் பிளாஸ்டிக் துடுப்புகள் வேறு ஆர்டர் போட்டிருக்கிறான், இதற்கெல்லாம் படிப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு சார், வேலையும் உண்டு. ஆனால் அது இவனுக்கான வேலையா என்பதைக் கட் ஆஃப் மார்க்கை வைத்து என்னால் சொல்ல முடியாது.

அவன் பிடித்திருக்கும் விஷயம் சரியான விஷயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றோடு மல்லுக்கட்டுவது காரின் மூக்குதான் என்று நாம் நினைக்கிறோம். அவன் பின்பக்கத்தைப் பார்க்கிறான், செடானில் பெரிய இழப்பு நடப்பது அங்கேதான். கூரைமேல் ஏறி வரும் காற்று பின் கண்ணாடியில் சரிந்து டிக்கிமேல் இறங்க வேண்டும். சரிவு கொஞ்சம் கூடிப்போனால் அதனால் கண்ணாடியை ஒட்டி வர முடிவதில்லை, பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுத்திருக்க வேண்டிய காற்று, காரைப் பின்னுக்கு இழுக்க ஆரம்பிக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். தடைக்கெழு (காரின் வடிவத்துக்குக் காற்று எவ்வளவு தடை தருகிறது என்று காட்டும் எண்) 0.30, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் உள்ள ஒரு சாதாரண செடான் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் காற்று மட்டும் சுமார் 300 நியூட்டன் விசையோடு எதிர்க்கிறது, அதை ஈடுகட்ட எட்டரை கிலோவாட் செலவாகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, நெடுஞ்சாலையில்தான் தெரியும். மின்சாரக் கார் வந்தபிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது, ஏனென்றால் காற்றில் மிச்சம் பிடித்தால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் போகலாம். மெர்சிடிஸ் 2022-இல் காட்டிய விஷன் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற சோதனைக் காரின் தடைக்கெழு வெறும் 0.17. வேகமெடுத்ததும் அதன் பின்பக்க டிஃப்யூசர், அதாவது அடியில் வரும் காற்றை ஒழுங்காக வெளியேற்றும் பகுதி, தானாக வெளியே நீளும். ஒரே சார்ஜில் ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடிய கார் அது.

தம்பி, இனி உனக்கு. அந்தத் துடுப்புகளை ஒட்டுவதற்கு முன்னால் இதைப் படி. காற்று பிய்ந்து போகாமல் கண்ணாடியை ஒட்டி வர வேண்டும் என்று லான்சர் எவல்யூஷன் என்ற செடானின் கூரையில் துடுப்பு வைப்பதற்காக மிட்சுபிஷி பொறியாளர்கள் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. காற்று எந்த இடத்தில் பிரிகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் துடுப்பை வைத்து, உயரத்தையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். துடுப்பே தன் பங்குக்குத் தடையைக் கூட்டும், அது மிச்சப்படுத்துவது அதைவிட அதிகமாக இருந்தால்தான் லாபம். அத்தனை உழைப்புக்கும் கடைசியில் தடைக்கெழுவில் கிடைத்த குறைவு 0.006. மேலே சொன்ன சாதாரண செடானில் அது ஆறு நியூட்டன், அதாவது 600 கிராம் எடைக்குச் சமமான விசை. இந்தத் துறையில் 0.001-ஐ ஒரு கவுண்ட் என்பார்கள், ஆறு கவுண்ட் என்றால் சந்தோஷப்படுவார்கள். இதைப் படித்ததும் 'அவ்வளவுதானா' என்று தோன்றுகிறதா, 'எப்படி அளந்தார்கள்' என்று தோன்றுகிறதா? இரண்டாவது தோன்றினால் நீ இந்தப் பக்கம் வா. முதலாவது தோன்றினாலும் தப்பில்லை, ஒருவேளை உனக்குப் பிடித்தது காரின் தோற்றமாக இருக்கலாம், அதற்கு டிசைன் படிப்பு தனியாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று செய். பின் கண்ணாடியிலும் டிக்கி மூடியிலும் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டு. அப்பா சட்டப்படியான வேகத்தில், நெரிசல் இல்லாத சாலையில் ஓட்டட்டும், நீ பக்கத்துத் தடத்தில் வரும் இன்னொரு காரிலிருந்து வீடியோ எடு. நூல் படிந்து நேராக இருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது, துடித்துத் தலைகீழாகத் திரும்பினால் பிரிந்துவிட்டது. எந்த இடத்தில் பிரிகிறது என்று வரைந்து வை. துடுப்பு வைக்கும் இடம் அதற்கு முன்னால்தான், உன் கார் லான்சர் இல்லையே, அதன் சரிவு வேறு.

சரிவு விஷயத்தில் அகமது பாடி என்ற பெயரைத் தேடிப் பார். 1984-இல் எஸ்.ஆர்.அகமதும் உடன் ஆய்வாளர்களும் ஒரு எளிய பெட்டி வடிவத்தை எடுத்துப் பின்சரிவை மட்டும் மாற்றி அளந்தார்கள். ஒரு அளவுக்கு மேல் சரிவு கூடக் கூடத் தடை ஏறிக்கொண்டே போய், 30 டிகிரியைத் தாண்டியதும் சட்டென்று விழுந்தது! அது ஏன் என்று நீயே யோசித்து ஒரு பக்கம் எழுது, விடையைப் பிறகு பார்க்கலாம். தடையை மட்டும் பார்த்தாலும் போதாது. முதல் தலைமுறை ஆடி டி.டி. அழகாக உருண்ட முதுகோடு வந்தது, ஜெர்மனியில் அதிவேகத்தில் விபத்துகள் நடந்தபிறகு கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஸ்பாய்லர் என்ற சிறு தகடு வைத்தார்கள். காற்று காரின் பின்பக்கத்தைத் தூக்கவும் செய்யும், அதனால் இந்த வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட பொறுப்பும் உண்டு.

சரி சார், படிப்புக்கு வருகிறேன். ஆட்டோமொபைல் என்ற பெயரைப் பார்த்து அந்தப் பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள், பல கல்லூரிகளில் அதில் இன்ஜினும் கியரும் சேசிஸும்தான் பெரும்பகுதி. இவனுக்கு வேண்டியது பாய்ம இயக்கவியல் (காற்றும் நீரும் எப்படி ஓடுகின்றன என்ற படிப்பு), கணிதம், புரோகிராமிங் மூன்றும். மெக்கானிக்கல் எடுத்தாலும் ஏரோநாட்டிக்கல் எடுத்தாலும் இதற்கு வரலாம். என் விருப்பம் மெக்கானிக்கல், ஏனென்றால் கார் ஏரோடைனமிக்ஸ் குழுக்கள் எங்குமே சிறியவை, இடம் கிடைக்காவிட்டால் பேட்டரி குளிரூட்டல், ஏசி, டர்பைன், விசிறி என்று இதே திறமையோடு போக வேறு கதவுகள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பற்றிய உங்கள் கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது, இன்று இந்த வேலையில் பாதிக்குமேல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் மென்பொருள் இலவசம், பைதான் இலவசம், ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் பாய்ம இயக்கவியல் பாடங்கள் இலவசம், கல்லூரி திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேலை எங்கே என்றால், வாகன ஆராய்ச்சி மையங்கள் தூரத்தில் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா ரிசர்ச் வேலியும் ரெனோ நிசான் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன, பெங்களூரில் மெர்சிடிஸின் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. ஆனால் வெறும் பி.இ.யோடு நேராக ஏரோ குழுவில் நுழைவது கஷ்டம், மேற்படிப்பையும் சேர்த்து ஆறு வருடம் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். கேட் எழுதி ஐ.ஐ.டி. போகலாம். ஜெர்மனி என்றால் ஸ்டுட்கார்ட். பின்பக்கத்தை நீட்டிக்கொண்டே போகாமல் வெட்டிவிட்டாலும் தடை பெரிதாகக் கூடுவதில்லை என்று 1930-களில் காட்டிய பொறியாளர் வூனிபால்ட் கம் வேலை பார்த்த ஊர் அது, அவர் ஆரம்பித்த ஆய்வு நிறுவனம் இன்றும் விண்ட் டனலோடு, அதாவது காற்றை வீசிச் சோதிக்கும் சுரங்கத்தோடு, அங்கே இயங்குகிறது. அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணம், தங்கும் செலவு தனி. அங்கே வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டியிருக்கும், அதனால் இரண்டாம் வருடமே வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்புவதற்கு முன்னால் நாலைந்து கல்லூரிகளுக்கு அவனோடு நேரில் போய் வாருங்கள். அலுவலகத்தில் கேட்காமல் மூன்றாம் வருட மெக்கானிக்கல் பையன்களிடம் கேளுங்கள்: விண்ட் டனல் ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா, மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும், கோவை காரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு இந்தக் கல்லூரி டீம் போகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று வரும் கல்லூரியை, கட்டடம் பழசாக இருந்தாலும் பட்டியலில் மேலே போடுங்கள்.