தோஹாகு வரையாத இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹசெகாவா தோஹாகுவின் பைன் மர மடக்குத் திரைகளை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறும் தாள். என் கணவர் எட்டிப் பார்த்து, "முடிக்காம விட்டுட்டாரா?" என்று கேட்டார். நான் மையில் வரைந்து பழகுகிறேன். இடம் விட்டு வரைந்தால் என் படம் அரைகுறையாகத் தெரிகிறது, அவருடையது அப்படித் தெரியவில்லை. இது பௌத்தம் சொல்லும் சூனியமா? அல்லது வெள்ளைச் சுவர், ஒரே ஒரு பூச்சாடி என்று இப்போது வீட்டு அலங்காரத்தில் சொல்கிறார்களே, அதன் மூலமா? அந்த வெற்றிடத்துக்கு என்னதான் பொருள்?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவரின் கேள்வி நல்ல கேள்வி. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஜோடித் திரைகள் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், ஆனால் அவை வேறொரு பெரிய ஓவியத்துக்குப் போட்டுப் பார்த்த முன்வரைவாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தாள்களின் ஒட்டு சில இடங்களில் நேராகப் பொருந்தவில்லை, முத்திரையும் அவர் வழக்கமாக வைப்பது அல்ல என்பார்கள். ஆக அவர் முடிக்கவில்லை என்று வாதாட இடம் இருக்கிறது. இருந்தும் அதைப் பார்க்கிற யாருக்கும் இன்னும் நாலு மரம் போட்டிருக்கலாமே என்று தோன்றுவதில்லை.

ஏன் என்று தெரிய மரங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரையிலும் ஆறு பலகைகள், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், மூன்றரை மீட்டர் அகலம், தரையில் மடிந்து மடிந்து நிற்கும்படி செய்தது. இணையத்தில் தட்டையாகப் பார்க்கும்போது இது போய்விடுகிறது. மடித்து நிறுத்தினால் ஒரு மரக்கூட்டம் நம்மை நோக்கி வரும், அடுத்தது உள்ளே ஒதுங்கும். கிட்டே போனால் மரமே இல்லை, முரட்டுத் தூரிகையால் சரசரவென்று இழுத்த கோடுகள்தான். முன்னால் நிற்கும் மரத்துக்குக் கன்னங்கரேலென்ற மை, அதன் பின்னால் அதே மை நீரில் கரைந்து சாம்பலாகி, அதற்கும் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிறி, அப்படியே தாளாகிவிடுகிறது. மரம் முடிந்தது இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதனால்தான் வெறும் தாள் நமக்குப் பனிமூட்டமாகத் தெரிகிறது. மூட்டத்தை அவர் வரையவே இல்லை! இடது திரையின் மேல்பக்கம் மிக மங்கலாக ஒரு பனிமலை இருக்கும், தேடிப் பாருங்கள். அது ஒன்றினாலேயே அந்தத் தாளுக்குப் பல மைல் ஆழம் வந்துவிடுகிறது.

அவருடைய மகன் க்யூஸோ 1593ல் இளவயதில் இறந்தான், அந்தத் துயரம்தான் இந்த வெறுமை என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் திரைகள் எந்த ஆண்டில் வரையப்பட்டவை என்பதே உறுதியில்லாதபோது அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை.

சூனியத்துக்கு வருகிறேன். இந்த முறையைத் தோஹாகு பயின்றது 13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி முச்சியின் ஓவியங்களைப் பார்த்து. கியோட்டோவின் தைதோகுஜி என்ற ஜென் கோயிலில் முச்சியின் மூன்று சுருள்கள் இருக்கின்றன: நடுவில் கருணையின் போதிசத்துவரான கண்ணோன், இருபுறமும் கொக்கும் குரங்கும். ஆகவே பௌத்தத் தொடர்பு இருக்கிறது, சரி. ஆனால் தோஹாகு ஜென் மரபினர் அல்ல, நிச்சிரன் என்ற வேறொரு பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவர். தத்துவத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓவியத்துக்குள் போனால் அந்தத் தத்துவம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். மையும் தாளும் நம் கண்ணை என்ன செய்கின்றன என்பது தப்பிப்போகும். 'என்ன பொருள்' என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள் என்பேன்.

அப்படிக் கேட்டவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஸெஆமி, நோ என்ற பழைய ஜப்பானிய நாடக வடிவத்தின் பெரும் ஆசான். 1424ல் அவர் எழுதிய 'காக்யோ' நூலில் இதைப் பேசுகிறார். எதுவும் செய்யாத இடம்தான் நன்றாக இருந்தது என்று பார்வையாளர்கள் சொல்வதுண்டு, அது எதனால்? ஆட்டம் நின்று, பாட்டு ஓய்ந்து, அடுத்தது தொடங்காத அந்த நேரத்தில் நடிகனின் மனம் தளர்வதே இல்லை, உள்ளே இருக்கும் அந்த விழிப்பு வெளியே கசிகிறது, அதுதான் சுவை என்கிறார். அதோடு விடவில்லை. அந்த விழிப்பு பார்ப்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் அதுவும் ஒரு செயலாகிவிடும், 'செய்யாத இடம்' போய்விடும். பொம்மலாட்டப் பொம்மையை நூல் தாங்குவதைப் போல எல்லா அசைவையும் மனம் தாங்க வேண்டும், நூலோ கண்ணில் படக்கூடாது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன், மேடையில் நின்று பழகிய ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பூச்சாடியும் இதுவல்ல. அங்கே பெரும்பாலும் பொருளைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தேநீர்ச் சடங்கின் ஆசான் ரிக்யூவுடையதாகச் சொல்லப்படும் தாய்-ஆன் என்ற அறையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டே பாய் அளவு, கியோட்டோவுக்கு அருகே யாமாஸாகியில் இருக்கிறது. அங்கே வெள்ளையே கிடையாது, வைக்கோல் துணுக்கு தெரியும் மண்சுவர்தான். சுருளைத் தொங்கவிடும் மாடத்தில் உள்மூலைத் தூண்களையும் சேர்த்து மண் பூசி மூலையை மழுங்கடித்திருக்கிறார்கள். மாடம் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் சட்டென்று அளக்க முடியாது. ரிக்யூவும் தோஹாகுவும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், இதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஜப்பான் என்றாலே வெற்றிடம் என்று உலகம் நினைப்பதும் அரை உண்மைதான். 1978ல் கட்டடக் கலைஞர் அராதா இசோஸாகி பாரிஸில் 'மா', அதாவது இடைவெளி, என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார், அந்த எண்ணம் பரவியதில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். இதே தோஹாகு, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் இறந்த குழந்தைக்காகக் கட்டிய கோயிலுக்கு, தங்கத் தகட்டின்மேல் பெரிய மேப்பிள் மரத்தை வரைந்தார். சிவப்பும் பச்சையும், இலைக்கு இலை பூவுக்குப் பூ நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இப்போது அது கியோட்டோ சிஷாகு-இன் கோயிலில் இருக்கிறது. இரண்டையும் வரைந்தது ஒரே கை.

உங்கள் படத்துக்கு வருகிறேன். விட்ட இடத்தைப் பார்க்காதீர்கள், அதன் விளிம்பைப் பாருங்கள். எல்லாம் ஒரே கருப்பாக இருந்தால் கோடு நின்ற இடத்தில் தாள் தாளாகிவிடும், அரைகுறை என்று தோன்றுவது அதனால்தான். மையை நாலைந்து கிண்ணங்களில் வெவ்வேறு அளவு நீரில் கரைத்துக்கொண்டு, மிக வெளிறியதில் தொடங்குங்கள், கருப்பைக் கடைசிவரை தொடாதீர்கள். ஒரே ஒரு மரம் வரைந்தால் போதும். அசல் திரைகளைப் பார்க்க டோக்கியோ போகும் வாய்ப்பு வந்தால் அருங்காட்சியகத்தின் காட்சிப் பட்டியலை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் அவற்றை வெளியே வைப்பதில்லை, பல ஆண்டுகள் புத்தாண்டையொட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.